புதைத்த புருஷன் வாசலில் நின்றபோது

என் புருஷன் பைடிமோஸ் வாசலில் வந்து நின்றபோது நான் முற்றத்தில் பார்லி அரைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம்தான் அவரைப் புதைத்திருந்தோம்.

புதைத்தோம் என்றால் உடம்பை அல்ல. உடம்பு எங்கே கிடைத்தது? எண்ணெய்ச் சாடிகளோடு வடக்கே போன கப்பல் யூபோயாப் பாறைகளில் மோதி உடைந்துவிட்டதாகத் துறைமுகத்துக்குச் செய்தி வந்தது. தப்பி வந்த மாலுமிகள், அலை பைடிமோஸை அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். நானும் கொழுந்தன் லாம்போனும் கரைக்குப் போய், கடலைப் பார்த்து மூன்று தடவை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். கடலில் போனவர்களை அப்படித்தான் வீட்டுக்கு அழைப்போம். பிறகு வெறும் பாடையில் அவருடைய பழைய மேலாடையைக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, ஊர்க்கதவுக்கு வெளியே கொண்டுபோய்க் குழியில் வைத்து மூடினோம். நான் தலைமுடியை வெட்டி அதில் போட்டேன். வீடு முழுக்கக் கடல்நீர் தெளித்துக் கழுவினேன். கல்லும் நட்டாயிற்று.

அன்று வெட்டிய முடி மறுபடி வளர்ந்து இப்போதுதான் தோளைத் தொட்டிருந்தது.

"லிசில்லா! என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? தண்ணி கொண்டா. காலெல்லாம் கொப்புளம்."

வருஷம் கழித்து வந்த மனுஷனின் முதல் பேச்சு அது. பக்கத்து வீட்டுக்காரி அலறிக்கொண்டு ஓடினாள். அவர் வாசற்படியில் கால் வைக்கப் போனார். எனக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த சல்லடையைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

"உள்ள வராதீங்க! வீட்டைத் தீட்டுக் கழிச்சாச்சு."

"யாரு செத்த தீட்டு?"

"நீங்க செத்த தீட்டு!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இது அவரேதான் என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. வீடு பற்றி எரிந்தாலும் அப்படித்தான் சிரிப்பார்.

சத்தம் கேட்டு லாம்போன் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். அண்ணனைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு பாய்ந்தவன், பாதியில் நின்றுவிட்டான்.

"அண்ணே… நீங்க செத்துட்டீங்களே."

"எவன்டா சொன்னான்?"

"ஊரே சொல்லுச்சு. ஈமச் சாப்பாடு போட்டோம். எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போனாங்க."

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், இவன் சாப்பாட்டுக் கணக்குச் சொல்றான் பாரு!"

அதற்குள் தெரு கூடிவிட்டது. யாரும் கிட்டே வரவில்லை. அப்போல்லோ கோயில் பூசாரி ஸ்திராத்தோனை யாரோ அழைத்து வந்தார்கள். நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டம், சடங்கு என்றால் சாமிக்கே பாடம் சொல்லுவார். எங்கள் யூலிஸ் ஊரில் சாவுக்கு இருக்கும் சட்டம் வேறெங்கும் இருக்காது. போர்த்துவதற்கு மூன்று துணிக்கு மேல் கூடாது. பிணத்தைச் சத்தமில்லாமல் மூடித்தான் எடுத்துப் போகவேண்டும். எந்தப் பெண் சாவு வீட்டுக்குள் போகலாம், எந்தப் பெண் போகக்கூடாது, எல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் எழுதியதை ஸ்திராத்தோன் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்.

அவர் பைடிமோஸைத் தள்ளி நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"சடங்கு முடிஞ்சுபோச்சு. இவர் கீழுலகத்துக்கு உரியவர். கோயிலுக்குள்ள வரக்கூடாது. யாரும் இவரோட தீயும் தண்ணியும் பங்கு போட்டுக்கக் கூடாது."

"சாமி, இவர் மூச்சு விடுறாரே" என்றேன்.

"மூச்சு விடுறது வேற விஷயம்மா."

அன்று முதல் என் பாடு ஆரம்பித்தது. செத்தவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது. ஆனால் செத்தவனின் கல்லறைக்குப் பெண்டாட்டி படையல் கொண்டுபோகலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஸ்திராத்தோனிடம் கேட்டே உறுதி செய்துகொண்டேன். ஆகவே தினமும் கூடையில் பார்லி ரொட்டி, வெங்காயம், பாலாடைக்கட்டி, தண்ணீர் கலந்த திராட்சை மது எல்லாம் எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி, ஊர்க்கதவைத் தாண்டி, என் புருஷனின் கல்லறைக்குப் போய் வைப்பேன். என் புருஷன் கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து சாப்பிடுவார்.

சாப்பிட்டால் பரவாயில்லை. குறை சொல்லுவார்.

"ரொட்டி கல்லு மாதிரி இருக்கு."

"படையல் ரொட்டி அப்படித்தான் இருக்கும். செத்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

"வெங்காயம் ஒண்ணுதானா?"

"நாளைக்கு ரெண்டா கொண்டாந்து வைக்கிறேன், சாமி. இன்னிக்கு மன்னிச்சுக்குங்க."

கல்லையும் விட்டுவைக்கவில்லை. அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு ஒருநாள் குதித்தார்.

"என் பேர்ல ஒரு எழுத்தைக் காணோம்!"

"கல்தச்சன் விட்டுட்டான்."

"நீ பாக்கலயா?"

"எனக்கு எழுத்துத் தெரியுமா? நீங்க உயிரோட இருந்தப்ப சொல்லிக் குடுத்தீங்களா?"

"லாம்போன் பாத்திருக்கலாம்ல? ஏண்டா இவ்வளவு சின்னக் கல்லுன்னு நான் அவனைக் கேக்கத்தான் போறேன். அக்கம்பக்கத்துல பாரு, அந்தச் சோம்பேறி கோனோனுக்குக்கூடப் பெரிய கல்லு. எத்தனை பேர் வந்தாங்க? யார் யார் அழுதாங்க?"

"யாரும் அழல. தெருவுல சத்தம் போடக்கூடாது, அதுதான் சட்டம்."

"வீட்டுக்குள்ள?"

நான் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. பாடைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வாயைத் திறக்க மறந்துபோயிற்று. அதற்கப்புறம் திராட்சைக்குக் கவாத்து செய்யும் காலம் வந்தது, லாம்போன் பாடுபட்டான், வீட்டில் யாரும் கதவை ஓங்கிச் சாத்தவில்லை, யாரும் குழம்பை ருசி பார்த்து முகத்தைச் சுளிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் மகளோ கார்த்தாயா ஊரில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருந்தாள். அதற்காக அவர் வந்தது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? கல்லுக்குப் பின்னாலிருந்து அவர் தலை தெரியும்போதெல்லாம் என் கால் தானாக வேகம் பிடிக்கும். வாயைத் திறந்தால் எரிச்சல் வரும்.

ஒருநாள் சாப்பிட்டபடி, எங்கே இருந்தேன் என்று கதை சொன்னார். அலை அவரைத் திரேஸ் நாட்டுக் கரையில் போட்டதாம். அங்கே ஒரு குறுநில மன்னன் விருந்தாளியாக வைத்துக்கொண்டானாம். கறியும் மதுவும் திகட்டத் திகட்ட. போகாதே போகாதே என்று பிடித்துக்கொண்டானாம்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப முடியலயா?"

"அந்தப் பக்கம் கப்பலே வராது."

"நாங்க கரையில நின்னு கூப்பிட்டோம்."

"என் காதுல விழலயே."

"விழுந்தா மட்டும் வந்திருப்பீங்களாக்கும். சாப்பிடவே நாலு தடவை கூப்பிடணும் உங்களை."

ஸ்திராத்தோன் ஒருவழியாக வழி கண்டுபிடித்தார். குறி சொல்லும் டெல்பிக் கோயிலுக்குப் போய்வந்தவர்களை விசாரித்து, முன்னொரு காலத்தில் இப்படித் திரும்பி வந்தவர்களுக்குத் தேவவாக்கு என்ன சொன்னது என்று தெரிந்துகொண்டார். சந்தோஷமாக என் வாசலுக்கு வந்தார்.

"ரொம்பச் சுலபம்மா. செத்தவர் மறுபடி பொறந்துட்டாப் போதும்."

"பொறக்கிறதா?"

"பொம்பளைங்க கையில ஒப்படைக்கணும். குழந்தை மாதிரி மடியிலேருந்து இறக்கி, குளிப்பாட்டி, துணி சுத்தி, பால் குடுக்கணும். அப்புறம் வீட்டுத் தலைவர் தூக்கி வீட்டுக் கணப்பு அடுப்பைச் சுத்தி எடுத்துட்டுப் போகணும். பேரு வைக்கணும். அவ்வளவுதான்."

"சாமி, அவருக்குத் தாடி நரைச்சுப்போச்சு."

"தேவவாக்குல தாடியைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

கல்லறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் ரொட்டியைத் தூக்கி எறிந்தார். "நான் கப்பல் ஓட்டினவன். என்னைத் துணியில சுத்துவீங்களா? துறைமுகத்துல ஒருத்தன் முகத்துல முழிக்க முடியுமா?"

எனக்கும் பொறுமை அறுந்துவிட்டது.

"இப்ப மட்டும் எவன் முகத்துல முழிக்கிறீங்க? உங்களைக் கண்டா நாய்கூட ஒதுங்கிப் போகுது. மழைக்காலம் வருது. கல்லு மேல உக்காந்து நனைவீங்களா? உங்களுக்காகத் தினமும் மலையேறி மலையிறங்கி என் முட்டி தேஞ்சுபோச்சு. ஒண்ணு பொறங்க, இல்லன்னா ஒழுங்காச் செத்துப்போங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க!"

அவர் எறிந்த ரொட்டியைப் போய் எடுத்து, மண்ணைத் தட்டி, தின்றார். அவர் கீழே விழுந்ததை எடுத்துத் தின்று நான் பார்த்ததேயில்லை.

"சரி" என்றார்.

மருத்துவச்சி மிக்கா ஊரில் பாதிப் பேரைப் பிறக்க வைத்தவள். கருத்த, குட்டையான, வாய்க்கொழுப்புக்காரி. விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். பால் கொடுக்கும் பெண்களை ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். ஒருத்தி கதவைச் சாத்தினாள், ஒருத்தி தண்ணீரை ஊற்றினாள். மிக்கா பூசாரியிடம் போனாள்.

"பால்னுதான தேவவாக்கு? யாரு பால்னு சொல்லிச்சா?"

ஸ்திராத்தோன் யோசித்தார். "இல்ல."

"அப்ப ஆட்டுப்பால். தேன் கலந்து பாலாடையில புகட்டிடுறேன். முடிஞ்சுது."

பிறப்பு நாளன்று எங்கள் முற்றத்தைத் திரையால் மறைத்தோம். கதவில் ஆண்பிள்ளைக்குக் கட்டும் ஒலிவக் கொத்தைக் கட்டினோம். உள்ளே நானும் மிக்காவும் இன்னும் சில உறவுக்காரிகளும். ஆண்கள் வெளியே. மிக்கா என்னை முக்காலியில் உட்கார வைத்து, அகலமான அங்கி ஒன்றைப் போட்டுவிட்டாள்.

"நானா? நான் அவர் பெண்டாட்டி!"

"நேத்து வரைக்கும் விதவை. இன்னிக்கு நீ தாய். வாயை மூடிக்கிட்டு உக்காரு. டேய் பயலே, குனிஞ்சு உள்ள போ, இந்தப் பக்கமா வெளிய வா."

பைடிமோஸ் தவழ்ந்து அங்கிக்குள் புகுந்தார். தோள் மாட்டிக்கொண்டது. முக்காலி சாய்ந்தது. நான் அவர் மேல் விழுந்தேன். உறவுக்காரிகள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "கஷ்டமான பிரசவம்" என்று மிக்கா கத்தினாள். எப்படியோ அவர் காலடியில் வந்து சேர்ந்தார், மூச்சிரைத்துக்கொண்டு, முடியெல்லாம் கலைந்து.

"கழுவணும். சட்டையைக் கழட்டு."

அவர் கழற்ற மாட்டேன் என்றார். மிக்கா கேட்கவில்லை, பின்னாலிருந்து இழுத்துவிட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது.

முதுகு முழுக்கக் கோடுகள். பழைய கோட்டின் மேல் புதிய கோடு. சில இடத்தில் சதை முடிச்சுப் போட்டதுபோல் தடித்திருந்தது. கணுக்காலில் வளையம் அறுத்த தழும்பு வட்டமாக ஓடியது. விருந்தாளியைக் குறுநில மன்னன் அப்படியா வைத்துக்கொள்வான்?

அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் பார்க்கவில்லை. மிக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மற்ற பெண்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? போய் வெந்நீர் எடுத்துட்டு வாங்கடி, எல்லாரும்!" என்று விரட்டினாள். எல்லோரும் போனார்கள்.

நான் கடற்பஞ்சை எடுத்தேன். முதலில் கடல்நீர், பிறகு வெந்நீர். ஒவ்வொரு கோட்டின் மேலும் மெதுவாக ஒத்தினேன். எனக்குக் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நான் துடைக்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. எண்ணெய் தடவிவிட்டேன். பிறகு நானும் மிக்காவும் படுக்கை விரிப்புகளைத் தைத்து வைத்திருந்த நீளத் துணியைத் தோளிலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றினோம். முதுகு முதலில் மறைந்தது. மிக்கா வேண்டுமென்றே அப்படிச் சுற்றினாள்.

பாலாடையில் பால் புகட்டும்போது, "தேன் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"குடிங்க பேசாம" என்றேன்.

திரையை விலக்கினோம். ஆண்கள் உள்ளே வந்தார்கள். அசைய முடியாமல் கட்டுமூட்டைபோல் தரையில் கிடந்த பைடிமோஸைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்திராத்தோன் தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டுத் தலைவர் குழந்தையைத் தூக்கணும். தூக்கினா, குடும்பத்துப் பிள்ளை. தூக்காம விட்டா, வெளிய கொண்டுபோய்ப் போட்டுடணும். அது அவர் விருப்பம்."

வீட்டுத் தலைவன் லாம்போன். அவன் தூக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டேய், தூக்குடா" என்றது மூட்டை.

"ஒரு விஷயம்" என்றான் லாம்போன். பொதுவாகச் சாந்தமான பையன். அன்று அவன் காது சிவந்திருந்தது. "இவர் இன்னிக்குப் பொறந்தவர். நான் முப்பது வருஷத்துக்கு முன்னால பொறந்தவன். அப்ப யாரு பெரியவன்?"

ஸ்திராத்தோனின் கண் பளிச்சென்றது. இப்படிப்பட்ட கேள்விக்காகவே அவர் உயிர் வாழ்கிறார். "நீங்கதான். சந்தேகமே இல்ல."

"என்னடா உளர்ற!"

"சின்ன வயசுலேருந்து டேய் டேய்னு கூப்பிட்டீங்க. உங்க செருப்பைத் தூக்கினேன், உங்க அடியை வாங்கினேன். கடலுக்குப் போறேன்னு தோட்டத்தை என் தலையில கட்டிட்டுப் போனீங்க. வந்ததும் கல்லு சின்னதுன்னு சண்டைக்கு வர்றீங்க. அண்ணேன்னு கூப்பிடுங்க. தூக்குறேன்."

மூட்டை புரண்டது, திமிறியது. முகம் மாதுளைபோல் சிவந்தது. எனக்கோ தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருத்தர் பிறப்பதற்கு இத்தனை பஞ்சாயத்தா!

"லாம்போன், உனக்கு வேற நேரமே கெடைக்கலயா?" என்று கத்தினேன். "அடுப்புல பருப்பு தீயுது. நீங்க அண்ணனோ தம்பியோ, யாரோ ஒருத்தர் யாரையோ தூக்கித் தொலைங்க!"

யாரும் அசையவில்லை. பைடிமோஸ் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வேறொருவன் வீட்டில் எத்தனை பேரை எஜமானே என்று கூப்பிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அந்த முற்றத்தில் அது தெரிந்தவர்கள் நானும் மிக்காவும்தான்.

"அண்ணே" என்றார். சின்னக் குரலில். "என்னைத் தூக்குங்கண்ணே. வெளிய போட்டுடாதீங்க."

லாம்போன் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் முகம் உடைந்துபோனது. குனிந்து அள்ளப் பார்த்தான், முடியவில்லை; நாலு பேர் கைகொடுத்தார்கள். கணப்பைச் சுற்றி ஓடினார்கள். திரும்பும் இடத்தில் தூணில் தலை மோதியது. "பாத்துடா!" என்று அலறியவர், உடனே, "பாத்துண்ணே" என்று திருத்திக்கொண்டார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரும்.

பெயர் வைக்கும் நாளில் லாம்போன் எழுந்து நின்றான். "காலமான எங்க அண்ணன் ஞாபகமா, இந்தப் பிள்ளைக்குப் பைடிமோஸ்னு பேர் வைக்கிறேன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஸ்திராத்தோன் விடுவாரா? சாவோடு கல்யாணம் முடிந்துபோயிற்றாம். இப்போது இருப்பவர் புதுப் பிள்ளை. நான் அவருக்கு ஒன்றுமே இல்லையாம். மறுபடி முறையாகக் கட்டிக்கொண்டால் ஒழிய ஒரே கூரையின் கீழ் படுக்கக்கூடாது.

லாம்போன் என்னிடம் வந்தான். எங்கள் ஊரில் பெண்ணைக் கேட்டுக் கொடுக்கும் வழக்கமில்லை. என் அப்பா என்னைக் கேட்கவில்லை. ஆனால் அவன் கேட்டான்.

"அண்ணி, உங்களுக்கு விருப்பமா?"

"அறுவடை முடியட்டும்" என்றேன்.

அந்த அறுவடை முழுக்கப் பைடிமோஸ் தம்பியாக வேலை செய்தார். திராட்சை பிழியும் கொட்டகையில் படுத்தார். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது அவரை நீங்க என்று கூப்பிட வேண்டியதில்லை, நான்தானே பெற்றேன்? நீ என்றே கூப்பிட்டேன். முதலில் முறைத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

கடைசித் திராட்சையை மிதித்த அன்று, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கால் சிவப்பாகச் சொட்டச் சொட்ட, தானாகவே பேசினார்.

"குறுநில மன்னன்னு ஒருத்தனும் இல்ல, லிசில்லா. கரையில கெடந்தவனைக் கட்டித் தூக்கிட்டுப் போய் வித்துட்டாங்க. வெள்ளிச் சுரங்கம். மேல வெளிச்சம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. எப்படியோ தப்பிச்சு ஓடி வந்தேன். உனக்குத் தெரியும்ல?"

"முதுகைக் கழுவினது யாரு?"

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"செத்துப்போன மாதிரிதான் இருந்துச்சு. பூசாரி சொன்னது ஒண்ணும் தப்பில்ல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவர், இந்த வருஷத் திராட்சை புளிப்பு, லாம்போன் அண்ணன் சீக்கிரமே பறித்துவிட்டான் என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன்.

குளிர் தொடங்கியதும் அவரையே மறுபடி கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வண்டி ஆடுகிறது என்றார், பந்தம் புகைகிறது என்றார், விருந்தில் மீன் போதவில்லை என்றார். முதல் கல்யாணத்திலும் இதையேதான் சொன்னார். அப்போது எனக்குப் பதினைந்து வயது, பயந்துகொண்டு தலையைக் குனிந்திருந்தேன். இந்தத் தடவை முக்காட்டை விலக்கி, ஊர் பார்க்க, "வாயை மூடிட்டு வா" என்றேன்.

மூடிக்கொண்டு வந்தார்.